நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகள்: தில்லி முதல் ஊராட்சி வரை யார், எதை, எப்படிக் கண்காணிக்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

2015 செப்டம்பர் 25 அன்று ஐநா பொதுச்சபை ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளைப் பற்றி. வறுமை ஒழிப்பு, பசி ஒழிப்பு, நலவாழ்வு, கல்வி என்று தொடங்கி 17-ஆவது இலக்கான கூட்டாண்மை வரை போகும். அவற்றின் கீழ் 169 உள்-இலக்குகள் உள்ளன. 2016 ஜனவரி 1 முதல் கணக்கு ஓடுகிறது, 2030-இல் முடிகிறது. தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் இதை ‘நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகள்’ என்பார்கள். இலங்கைத் தமிழில் ‘நிலைபேறான அபிவிருத்தி’, ‘பேண்தகு அபிவிருத்தி’ என்று இரண்டும் புழங்குகின்றன. மூன்றும் ஒன்றுதான்.

கீழே உள்ள பதில்கள் இந்திய அரசின் ஏற்பாட்டைப் பற்றியவை.

இந்தியாவில் இதற்கென்று தனி அமைச்சகம் இருக்கிறதா?

இல்லை. தேவையும் இல்லை. ஒரே அமைச்சகத்திடம் கொடுத்தால் மற்ற அமைச்சகங்கள் ‘அது அவர்கள் வேலை’ என்று கை கழுவிவிடும்.

இந்தியாவில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. திட்டக் குழுவுக்குப் பதிலாக 2015 ஜனவரி 1 அன்று வந்த நிதி ஆயோக் ஒருங்கிணைப்பைப் பார்க்கிறது: எந்த இலக்கு எந்த அமைச்சகத்துக்கு, எந்த மத்தியத் திட்டம் எந்த உள்-இலக்கோடு சேரும், எந்த மாநிலம் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. அளவீடு புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்திடம் இருக்கிறது. எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது, எந்தத் துறை எண்ணைத் தருவது என்பதை அது முடிவு செய்கிறது.

இந்தப் பிரிவினை நல்லதுதான். திட்டத்தைத் தள்ளுபவரே மதிப்பெண்ணும் போட்டால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடம் போன எவருக்கும் தெரியும். ஆனால் நடைமுறையில் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. மாநிலங்களுக்கு மதிப்பெண் போடும் குறியீடு நிதி ஆயோக்கிடமேதான் இருக்கிறது.

தேசியக் குறிகாட்டிச் சட்டகமும் நிதி ஆயோக் குறியீடும் ஒன்றா?

இல்லை. அதிகம் குழப்பப்படுவது இதுதான். செய்தித்தாள்கள்கூட இரண்டையும் கலந்து எழுதுகின்றன.

குறிகாட்டி என்பது ஒற்றை அளவு: ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்பதைப் போல. குறியீடு என்பது பல குறிகாட்டிகளைச் சேர்த்து 0 முதல் 100 வரை போடும் மதிப்பெண்.

தேசியக் குறிகாட்டிச் சட்டகம் புள்ளியியல் அமைச்சகத்துடையது. 306 குறிகாட்டிகளோடு தொடங்கியது. 2015-16-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட முதல் அறிக்கை 2019 ஜூன் 29 அன்று, புள்ளியியல் நாளில், வந்தது. அதன் பிறகு சேர்த்தல், நீக்கல் நடந்து 2024-இல் 290 ஆனது. இதில் யாருக்கும் மதிப்பெண் கிடையாது, தரவரிசையும் கிடையாது. ஆண்டுவாரியாக எண்கள் மட்டும் இருக்கும். படிக்க வறட்சியாக இருக்கும், ஆனால் ஆய்வு செய்பவர் எடுக்க வேண்டியது இதைத்தான்.

நிதி ஆயோக்கின் இந்தியக் குறியீடு மாநிலங்களை ஒப்பிடுகிறது. இதுவரை நான்கு பதிப்புகள் வந்திருக்கின்றன: 2018 டிசம்பர், 2019 டிசம்பர், 2021 ஜூன், 2024 ஜூலை. ‘தமிழ்நாடு இத்தனாவது இடம்’ என்று வரும் செய்தி எப்போதும் இதிலிருந்துதான்.

குறிகாட்டிகளை மாற்றும் அதிகாரம் யாருக்கு?

2018 அக்டோபர் 24 அன்று மத்திய அமைச்சரவை ஓர் உயர்மட்ட வழிகாட்டுக் குழுவுக்கு ஒப்புதல் தந்தது. இந்தியத் தலைமைப் புள்ளியியலாளர் அதன் தலைவர். தரவு தரும் அமைச்சகங்களின் செயலர்களும் நிதி ஆயோக்கும் உறுப்பினர்கள். குறிகாட்டியைச் சேர்ப்பதும், நீக்குவதும், வரையறையைத் திருத்துவதும் இக்குழுவின் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தரவைத் தருபவரே குறிகாட்டியை மாற்றும் மேசையிலும் உட்காருகிறார். தரவு கிடைக்கவில்லை என்று ஒரு குறிகாட்டியை நீக்குவது சில நேரம் நியாயம், சில நேரம் வசதி. எது எது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து நீக்கப்பட்டவற்றைப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

பேறுகாலத் தாய்மார் இறப்பு விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். 2030-க்குள் அது 70-க்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. தேர்ந்தெடுத்த மாதிரி இடங்களில் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யும் அரசு ஏற்பாடான மாதிரிப் பதிவு முறையின் 2018–20 கணக்கில் நாட்டின் சராசரி 97, அசாம் 195, மத்தியப் பிரதேசம் 173, உத்தரப் பிரதேசம் 167, தமிழ்நாடு 54, கேரளம் 19.

குறைந்தால் நல்லது என்ற வகைக் குறிகாட்டி இது. கணக்கு இப்படி: மிக மோசமான மாநிலத்தின் அளவிலிருந்து நம் அளவைக் கழி. அதை, மோசமான அளவுக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியால் வகு. 100-ஆல் பெருக்கு.

இங்கே மோசமானது 195, இலக்கு 70, இடைவெளி 125. நாட்டுச் சராசரிக்கு (195 − 97) ÷ 125 = 78.4. உத்தரப் பிரதேசத்துக்கு 28 ÷ 125 = 22.4. அசாமுக்கு 0. தமிழ்நாட்டுக்கு 141 ÷ 125, அதாவது 112.8 வரும். ஆனால் இலக்கைத் தாண்டியவர்களுக்கு 100-உடன் நிறுத்திவிடுவார்கள். கேரளத்துக்கும் அதே 100.

இந்தச் சின்னக் கணக்கிலேயே மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும். முதலாவது, 19-க்கும் 54-க்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. தமிழ்நாட்டில் கேரளத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விகிதத்தில் தாய்மார் இறந்தாலும் மதிப்பெண்ணில் இருவரும் சமம். இரண்டாவது, கடைசியில் இருப்பவர் முன்னேறினால் நடுவில் இருப்பவரின் மதிப்பெண் அவர் ஒன்றும் செய்யாமலே சரியும். அசாம் 180-க்கு இறங்கியது என்று வையுங்கள். உத்தரப் பிரதேசம் அதே 167-இல் நின்றால் அதன் மதிப்பெண் 13 ÷ 110, அதாவது 11.8. தாய்மார் இறப்பு கூடவில்லை, மதிப்பெண் பாதியாகிவிட்டது. மூன்றாவது, 0 வாங்கிய மாநிலம் எதுவுமே செய்யவில்லை என்று பொருள் இல்லை. அந்த ஆண்டு அது வரிசையில் கடைசி, அவ்வளவுதான்.

ஓர் இலக்கின் கீழ் உள்ள குறிகாட்டிகளின் எளிய சராசரி அந்த இலக்கின் மதிப்பெண். இலக்குகளின் எளிய சராசரி மாநிலத்தின் மொத்த மதிப்பெண். 17-ஆவது இலக்குக்கு எண் மதிப்பெண் இல்லை. கடல்வளம் பற்றிய 14-ஆவது இலக்கு கடலோர மாநிலங்கள் ஒன்பதுக்கு மட்டும் கணக்கிடப்படுகிறது, மொத்தத்தில் சேராது. ஆக, மொத்த மதிப்பெண் 15 இலக்குகளின் சராசரி.

எல்லாக் குறிகாட்டிக்கும் சம எடைதானே?

பார்வைக்கு அப்படி. உண்மையில் இல்லை. சம எடை இலக்குகளுக்குத்தான். ஓர் இலக்கில் 4 குறிகாட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றும் மொத்தத்தில் 60-இல் ஒரு பங்கு. இன்னொன்றில் 10 இருந்தால் ஒவ்வொன்றும் 150-இல் ஒரு பங்கு. மதிப்பெண்ணை மட்டும் உயர்த்த நினைக்கும் அதிகாரி குறிகாட்டி குறைவாக உள்ள இலக்கில்தான் கை வைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அவரை அங்கே தள்ளுகிறது.

2018-இல் 57, 2024-இல் 71. இந்தியா 14 புள்ளி முன்னேறிவிட்டதா?

நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது. 2018 பதிப்பில் 13 இலக்குகள், 62 குறிகாட்டிகள், மதிப்பெண் 57. 2019-இல் 16 இலக்குகள், 100 குறிகாட்டிகள், மதிப்பெண் 60. 2020-21 பதிப்பில் 115 குறிகாட்டிகள், மதிப்பெண் 66. 2023-24 பதிப்பில் 113, மதிப்பெண் 71. வினாத்தாள் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறது. கடைசி இரண்டு பதிப்புகள் பெருமளவு ஒத்தவை, 66-ஐயும் 71-ஐயும் ஒப்பிடலாம். 57-ஐயும் 71-ஐயும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால் அது அழகான படம் மட்டுமே.

மாநில வரிசைக்கும் இதே எச்சரிக்கை. 2023-24-இல் கேரளமும் உத்தராகண்டும் 79, தமிழ்நாடு 78, கோவா 77, கடைசியில் பீகார் 57. 79-க்கும் 78-க்கும் இடையே உள்ள ஒரு புள்ளி ஆய்வு மாதிரிப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடியது. அதற்கு மேடை போட்டுப் பேசுவது வீண். பீகாருக்கும் கேரளத்துக்கும் உள்ள 22 புள்ளி பேசப்பட வேண்டியது.

‘ஃப்ரண்ட் ரன்னர்’ என்றால் என்ன?

நிதி ஆயோக் மாநிலங்களை மதிப்பெண்படி பிரிக்கும் வகைகளில் ஒன்று. 0 முதல் 49 வரை ‘அஸ்பிரன்ட்’, 50 முதல் 64 வரை ‘பெர்ஃபார்மர்’, 65 முதல் 99 வரை ‘ஃப்ரண்ட் ரன்னர்’, 100 எட்டினால் ‘அச்சீவர்’. 2023-24 பதிப்பில் மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாக 32 ஃப்ரண்ட் ரன்னர் ஆகிவிட்டன. வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் முதல் வகுப்பு என்றால் அந்த வகைப்பாட்டால் இனி பயன் குறைவு. வகையை விடுங்கள், இலக்குவாரி மதிப்பெண்ணைப் பாருங்கள்.

தரவு எங்கிருந்து வருகிறது?

இரண்டு ஊற்றுகள். ஒன்று நிர்வாகத் தரவு: துறை தன் வேலையின்போதே பதிவு செய்வது. பள்ளிக்கல்விக்கான யுடைஸ் பிளஸ், அரசு மருத்துவமனைகளின் சுகாதாரத் தகவல் அமைப்பு, அங்கன்வாடிகளின் போஷன் டிராக்கர் செயலி, வீட்டுக் குடிநீர்க் குழாய்த் திட்டமான ஜல் ஜீவனின் டேஷ்போர்டு போன்றவை. மற்றது ஆய்வுத் தரவு: வீட்டுக்கே போய் மாதிரி எடுத்துக் கேட்பது. தேசியக் குடும்பநல ஆய்வு, காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, தேசிய மாதிரி ஆய்வுச் சுற்றுகள், மாதிரிப் பதிவு முறை ஆகியவை.

நிர்வாகத் தரவு மாதாமாதம் வரும், ஊராட்சி வரை பிரிக்கலாம். ஆனால் எண்ணுபவர் தன் வேலையைத் தானே எண்ணுகிறார். ஆய்வுத் தரவு அதைவிட நடுநிலையானது, ஆனால் தாமதமாக வரும், கீழே போகப் போக மாதிரி மெலியும்.

இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது?

கழிப்பறைக் கணக்கைப் பார்த்தால் புரியும். 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆவது சுற்றில், ஊரக வீடுகளில் 71.3 சதவீதத்துக்குத்தான் கழிப்பறை வசதி இருந்தது. அதே காலத்தில் தூய்மை இந்தியா டேஷ்போர்டு 90 சதவீதத்தைத் தாண்டிக் காட்டியது. 2019 அக்டோபர் 2 அன்று ஊரக இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாததாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு வெளியான 2019–21 குடும்பநல ஆய்வு, நாட்டு வீடுகளில் 19 சதவீதம் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்றது.

யாரோ பொய் சொன்னார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டேஷ்போர்டு எண்ணியது, பழைய கணக்கெடுப்புப் பட்டியலில் இருந்த வீடுகளில் எத்தனைக்குக் கட்டிக் கொடுத்தோம் என்பதை. பட்டியலுக்குப் பிறகு பிரிந்த குடும்பம், விடுபட்ட வீடு, கட்டி இடிந்துபோனது இவையெல்லாம் அதில் வராது. ஆய்வு கேட்டது, இப்போது இருக்கிறதா, யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை. ஆய்வறிக்கையும் தன் பங்குக்கு ஓர் எச்சரிக்கை தந்தது: உதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் சிலர் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம்.

ஆகவே விதி இது. ‘எத்தனை கொடுத்தோம்’ என்பதற்கு நிர்வாகத் தரவு, ‘எத்தனை பேர் வாழ்க்கையில் மாறியது’ என்பதற்கு ஆய்வுத் தரவு. வளர்ச்சி இலக்குகள் கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை.

குடிநீர்க் குழாய்க்கும் இதே பாடம்தான். ஜல் ஜீவன் வரையறைப்படி இயங்கும் இணைப்பு என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குறித்த தரத்தில், முறையாக வர வேண்டும். சுவரில் குழாய் பொருத்தியது மட்டும் இணைப்பு அல்ல. உள்ளூர்க் கணக்கைச் சரிபார்க்கப் போகிறவர் குழாயை எண்ண வேண்டாம், கையில் குடத்தையும் கடிகாரத்தையும் எடுத்துப் போகட்டும்.

மாவட்ட அளவில் ஏன் பல எண்கள் கிடைப்பதில்லை?

தாய்மார் இறப்பு விகிதத்தை மாதிரிப் பதிவு முறை பெரிய மாநிலங்களுக்கே மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துத்தான் தருகிறது. ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 20,000 பிறப்பு, 10 இறப்பு என்றால் விகிதம் 50. அடுத்த ஆண்டு 14 என்றால் 70. நான்கு இறப்பில் இலக்கை எட்டியதும் தவறவிட்டதும் மாறிவிடுகிறது. இதைத் தரவரிசைக்குப் பயன்படுத்தினால் ஆட்சியருக்கு ஓராண்டு பாராட்டும் மறு ஆண்டு விளக்கம் கேட்கும் கடிதமும் வரும், களத்தில் எதுவும் மாறாமலே. அதனால்தான் மாவட்டங்களில் நான்கு முறை கர்ப்பகாலப் பரிசோதனை, மருத்துவமனைப் பிரசவம் போன்ற நடைமுறை அளவுகளை வைக்கிறார்கள்.

எல்லை மாற்றம் இன்னொரு தலைவலி. 2019–21 குடும்பநல ஆய்வு 2017 மார்ச் 31 நிலவரப்படி இருந்த மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அப்போது 32. இன்று 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆறுக்கும் அந்த ஆய்வில் தனி எண் இல்லை. தென்காசிக்குத் திருநெல்வேலியின் எண்ணை அப்படியே போட்டுவிட்டு ‘அடிப்படை நிலை’ என்று எழுதும் தாள்கள் உண்டு. அப்படிப் போட்டால், பழைய மாவட்டத்தின் எண் என்று அதே கட்டத்தில் குறிப்பிட்டுவிட வேண்டும்.

அலுவலகங்களில் அடிக்கடி நேரும் தவறு எது?

பகுதி. பின்னத்தின் கீழே இருக்கும் எண். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது, அடுத்ததற்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இடைப்பட்ட காலத்துக்கு அரசே வெளியிட்ட 2011–2036 மதிப்பீடுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு 2011-இல் 7.21 கோடி, 2021-க்கு மதிப்பீடு 7.64 கோடி. வேறுபாடு 6 சதவீதம். ஒரு துறை பழைய எண்ணால் வகுத்து, இன்னொரு துறை புதிய எண்ணால் வகுத்தால், பத்தாயிரம் பேருக்கு எத்தனை படுக்கை என்ற ஒரே கணக்கு இரண்டு கோப்பில் இரண்டாக வரும். ஆய்வுக் கூட்டத்தில் அரை மணி நேரம் அதிலேயே போகும்.

மாநிலத் துறை ஒன்று தன் குறிகாட்டிச் சட்டகத்தை எப்படித் தயாரிக்க வேண்டும்?

தேசியப் பட்டியலை அப்படியே நகலெடுக்க வேண்டாம். மாநிலத்துக்குப் பொருந்தாதவற்றை நீக்குங்கள், தேசியப் பட்டியலில் இல்லாத உள்ளூர்ப் பிரச்சினைகளைச் சேருங்கள். பிறகு ஒவ்வொரு குறிகாட்டிக்கும் ஒரு பக்கத் தாள். அதில் வரையறை, தொகுதி (பின்னத்தின் மேலே இருக்கும் எண்), பகுதி, அலகு, தரவு மூலம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, ஆண்–பெண், ஊரகம்–நகரம், சமூகப் பிரிவு வாரியாகப் பிரிக்க முடியுமா, எண்ணுக்குப் பொறுப்பான பதவி எது என்று எழுத வேண்டும். ஆள் பெயர் எழுதக் கூடாது. இடமாற்றம் வந்தால் தாள் அனாதையாகிவிடும்.

அடுத்து அடிப்படை ஆண்டு எண், 2030 இலக்கு, இடையில் குறைந்தது ஒரு மைல்கல். இந்த இடைக்கட்டம்தான் பலரும் தவிர்ப்பது. 2030 இலக்கை மட்டும் எழுதினால் 2029 வரை யாரும் தவறியவர் இல்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019-இல் வைத்த தயார்நிலை அறிக்கையும் இடைக்கட்ட இலக்குகளைத்தான் கேட்டது, பல குறிகாட்டிகளுக்குத் தரவே இல்லை என்பதையும் சேர்த்து.

ஒரு குறிகாட்டிக்கு இரண்டு துறை பொறுப்பு என்று எழுதினால் ஒருவரும் பொறுப்பு இல்லை. தகவல் பலர் தரலாம், கையெழுத்து ஒருவருடையதாக இருக்கட்டும்.

பல துறைகள் சேர வேண்டிய இலக்கு என்றால்?

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு, அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, இதற்குச் சரியான சோதனை. அங்கன்வாடி ஒரு துறை, தடுப்பூசி இன்னொரு துறை, குடிநீர் வேறு, ரேஷன் வேறு, தாயின் கல்வியும் திருமண வயதும் இன்னும் வேறு. 2018 மார்ச்சில் தொடங்கிய மத்திய அரசின் ஊட்டச்சத்துத் திட்டமான போஷன் அபியான், இப்படி வளர்ச்சி குறைந்த குழந்தைகளின் பங்கை 38.4 சதவீதத்திலிருந்து 2022-க்குள் 25 ஆக்க வேண்டும் என்றது. 2019–21 ஆய்வில் வந்தது 35.5. திட்டத்தை அதைக்கொண்டு முழுத் தோல்வி என்பது அநியாயம். ஆய்வு நடந்தது கெடு முடிவதற்கு முன், கொரோனா காலத்தை ஒட்டி. ஆனால் கருவுற்றது முதல் ஆயிரம் நாளில் உருவாகும் குறையை நான்கு ஆண்டில் 13 புள்ளி இறக்க முடியும் என்று எழுதியபோதே யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

கூட்டு இலக்குகளுக்குப் பலன் தந்தது குழுக்களைவிடச் சிறு புவியெல்லை. 2018 ஜனவரியில் தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் 112 மாவட்டங்கள், 49 குறிகாட்டிகள். தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும். எடை இப்படி: நலவாழ்வும் ஊட்டச்சத்தும் 30, கல்வி 30, விவசாயமும் நீரும் 20, நிதிச்சேவையும் திறன்பயிற்சியும் 10, அடிப்படைக் கட்டமைப்பு 10. மாதாமாத வரிசை, எங்கே நிற்கிறாய் என்பதற்கு அல்ல, போன மாதத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தாய் என்பதற்கு. எல்லாத் துறைக்கும் மேலே ஒரே ஆட்சியர் இருப்பதால் தலைமைச் செயலகத்தில் ஆறு கடிதம் கேட்கும் வேலை அங்கே ஒரு கூட்டத்தில் முடிகிறது. 2023-இல் இதே முறை 500 வட்டாரங்களுக்குப் போனது.

இதன் பலவீனமும் மாதாமாத வரிசைதான். மாதத்தில் நகரக்கூடியதை மட்டுமே துரத்தும் பழக்கம் வந்துவிடும். மண்ணும் நிலத்தடி நீரும் மாதக் கணக்கில் நகராது.

பட்ஜெட்டோடு இது இணைந்திருக்கிறதா?

ஓரளவு. 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஒதுக்கீடு உள்ள மத்தியத் திட்டங்களுக்கு வெளியீடு–விளைவுக் கண்காணிப்புச் சட்டகம் உண்டு. நிதி ஆயோக்கின் கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலகம் இதைப் பார்க்கிறது. எத்தனை கிலோமீட்டர் சாலை என்பது வெளியீடு, சந்தைக்குப் போகும் நேரம் எவ்வளவு குறைந்தது என்பது விளைவு. பல தாள்களில் விளைவுக் கட்டத்திலும் கிலோமீட்டரே எழுதியிருக்கும்.

ஹரியானா போன்ற சில மாநிலங்கள் பட்ஜெட் தலைப்புகளை இலக்குவாரியாகப் பிரித்துக் காட்டுகின்றன. பயனுள்ள முயற்சி. ஆனால் ஒரு பள்ளிக் கட்டடச் செலவை கல்வி, பாலினச் சமத்துவம், கட்டமைப்பு மூன்றிலும் முழுதாகக் காட்டினால் கூட்டுத்தொகை பட்ஜெட்டைவிடப் பெரிதாகிவிடும். முதன்மை இலக்கு ஒன்றுக்கு மட்டும் தொகை, மற்றவற்றுக்குக் குறி மட்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சட்டப்படி கட்டாயமா?

இந்தியாவில் இல்லை. எல்லாம் அமைச்சரவை முடிவுகளும் நிர்வாக ஆணைகளும்தான். இலங்கை 2017-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சட்டத்தால் இதற்கென ஒரு சபையே அமைத்தது. சட்டம் இருந்தால் மட்டும் தரவு வந்துவிடாது, ஆனால் அரசு மாறினாலும் நாற்காலி இருக்கும்.

ஐநாவுக்கு யார் பதில் சொல்வது?

தன்னார்வ தேசிய ஆய்வறிக்கை என்ற பெயரில் நாடுகள் நியூயார்க்கில் ஜூலை மாதம் நடக்கும் உயர்மட்ட அரங்கில் அளிக்கின்றன. இந்தியா 2017, 2020, 2025 என மூன்று முறை அளித்தது. பெயரிலேயே இருக்கிறது, தன்னார்வம். தவறினால் தண்டனை இல்லை.

ஊராட்சியில் இது எப்படித் தெரியும்?

17 இலக்குகளை ஊராட்சி அமைச்சகம் 9 கருப்பொருள்களாகச் சுருக்கியது: வறுமையின்மை, நலவாழ்வு, குழந்தை நேயம், நீர்வளம், தூய்மையும் பசுமையும், கட்டமைப்பு, சமூகப் பாதுகாப்பு, நல்லாட்சி, மகளிர் நேயம். முதல் பதிப்பில் 435 உள்ளூர்க் குறிகாட்டிகள். 2022-23-க்கான முதல் ஊராட்சி வளர்ச்சிக் குறியீடு 2025 ஏப்ரலில் வந்தது. 2,16,285 ஊராட்சிகளில் 90-ஐத் தாண்டியது ஒன்றும் இல்லை. 75 முதல் 90 வரை 699, 60 முதல் 75 வரை 77,298, 40 முதல் 60 வரை 1,32,392, அதற்குக் கீழே 5,896. மாநிலக் குறியீட்டில் 32 பேர் முன்னணியில் நிற்கும் அதே நாட்டில்தான் இதுவும். மேலே சராசரியாகத் தெரிவது கீழே எப்படிக் கலைந்திருக்கிறது என்று பார்க்க இந்த இரண்டு எண்கள் போதும்.

இந்தக் குறிகாட்டிகளுக்கு உரிய கட்டங்களில் பெரும்பகுதியை நிரப்புவது யார்? ஊராட்சிச் செயலரும் துறைக் களப்பணியாளர்களும். வரிவசூல், தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் இவற்றுக்கு நடுவே. வெற்றுக் கட்டத்தில் பூஜ்ஜியம் போடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. ‘தகவல் இல்லை’ வேறு, ‘பூஜ்ஜியம்’ வேறு. முதலாவது தேட வேண்டியது, இரண்டாவது மதிப்பெண்ணைச் சாப்பிட்டுவிடும்.

என் ஊராட்சியின் எண் தவறாக இருந்தால் என்ன செய்வது?

மொத்த மதிப்பெண்ணோடு சண்டை போடாதீர்கள். ஒரு குறிகாட்டியை எடுங்கள். அதன் தொகுதியையும் பகுதியையும் எழுதி வாங்குங்கள். ‘அங்கன்வாடியில் எடை பார்த்த குழந்தைகள்’ என்றால் பார்த்தது எத்தனை, பதிவில் இருப்பது எத்தனை, ஊரில் இருப்பது எத்தனை என்று மூன்று எண். மூன்றாவதை நீங்கள் தெருத்தெருவாக எண்ணலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த மூன்று எண்ணையும் அங்கே எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். வாயால் சொன்னது மினிட்ஸில் வராது. பதிவேட்டின் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு கொடுங்கள். எண்ணைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்கும்போது ‘ஊராட்சி வளர்ச்சிக் குறியீடு பற்றிய தகவல்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். குறிகாட்டியின் பெயர், ஆண்டு, தொகுதி, பகுதி, எண்ணை உள்ளிட்ட பதவி என்று ஐந்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.